ஒரே மாதிரி இரண்டு மடக்குக் கத்தி, ஒன்று நூறு டாலர், இன்னொன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஏன்?

பிட்ஸ்பர்க் செந்தில்
வணக்கம் மக்களே. பென்சில்வேனியாவில் ஒரு பெரியவர் காலமான பிறகு அவர் வீட்டுச் சாமான்களை ஆன்லைனில் ஏலம் விட்டார்கள். தூண்டில், டார்ச் லைட், அப்புறம் கொஞ்சம் மடக்குக் கத்தி. அதில் இரண்டு, அமெரிக்கக் கத்திக் கம்பெனியான கேஸின் டிராப்பர் என்ற மாடல், இரண்டிலும் 6254 என்ற எண், இரண்டுக்கும் பழுப்பு நிற எலும்புப் பிடி, இரண்டு நீள அலகு. படத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று நூறு டாலர் பக்கத்தில் முடிந்தது, சரி, நியாயம். இன்னொன்று கடைசி ஐந்து நிமிஷத்தில் ஏற ஆரம்பித்து ஆயிரத்தைத் தாண்டியும் நிற்கவில்லை. நான் இருநூறோடு கையைக் கட்டிக்கொண்டேன். கத்தி வாங்கத் தொடங்கி ரொம்ப நாள் ஆகவில்லை எனக்கு, ஆனால் இது கத்திக்குக் கொடுக்கிற விலையா இல்லை யாராவது விளையாடுகிறார்களா என்று புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏலக்காரன்
முதலில் ஒன்று. ஏலத்தில் விலையை வைப்பது ஜெயித்தவர் இல்லை, தோற்றவர். இபே மாதிரி இடத்தில் நீங்கள் அதிகபட்சம் ஐயாயிரம் என்று போட்டு வைத்தாலும் இரண்டாவது ஆள் எவ்வளவு வரை வந்தாரோ அதற்கு ஒரு படி மேலேதான் உங்களிடம் வாங்குவார்கள். அதனால் ஒரு பைத்தியம் இருந்தால் விலை ஏறாது, இரண்டு பைத்தியம் வேண்டும். அன்றைக்கு இரண்டு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த மாதம் அதே மாதிரி கத்தி வந்தால், வாங்கியவருக்குத் தேவை தீர்ந்துவிட்டது, மிச்சம் ஒருவர்தான், விலை பாதிக்கு வந்துவிடும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

கடமான்
மர்மம் இல்லைதான், ஆனால் "இரண்டு பைத்தியம்" என்று சொல்லி முடிப்பதும் சரியில்லை ஏலக்காரன். அந்த இரண்டு பேரும் ஏன் நூறு டாலர் கத்திக்கு வராமல் இதற்கு மட்டும் வந்தார்கள்?

செந்தில் தம்பி, அலகின் அடியில், போல்ஸ்டரை (பிடியின் முனையில் இருக்கிற உலோகப் பகுதி) ஒட்டி இருக்கிற முத்திரையின் படம் இருந்தால் போடுங்கள். இரண்டுக்கும்.

பிட்ஸ்பர்க் செந்தில்
படத்தை இணைத்திருக்கிறேன் சார். கொஞ்சம் மங்கல். மலிவான கத்தியில் "கேஸ் எக்ஸ்எக்ஸ் யுஎஸ்ஏ", அதற்குக் கீழே வரிசையாகச் சின்னப் புள்ளிகள். விலை போனதில் "கேஸ் எக்ஸ்எக்ஸ்" மட்டும், யுஎஸ்ஏவும் இல்லை புள்ளியும் இல்லை.

கடமான்
அப்படியென்றால் கதை பாதி முடிந்தது. கேஸ் கம்பெனிக்காரர்கள் 1970-இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள், பிறகு வருஷத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1971 என்றால் ஒன்பது, 1979 என்றால் ஒன்று. உங்கள் படத்தில் எனக்கு ஏழு தெரிகிறது, அதாவது 1973. அதற்கு முன்னால் 1965 முதல் 1969 வரை யுஎஸ்ஏ உண்டு, புள்ளி கிடையாது. அதற்கும் முன்னால் 1940 முதல் 1964 வரை வெறும் எக்ஸ்எக்ஸ். இன்னும் பின்னால் போனால், 1920 முதல் 1940 வரை "டெஸ்டட் எக்ஸ்எக்ஸ்". அந்த முத்திரையோடு நல்ல நிலையில் ஒரு கத்தி ஏலத்துக்கு வந்தால் அங்கே நமக்கு வேலையே இல்லை, வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம்.

கம்பெனி வேண்டுமென்றே செய்ததோ இல்லையோ, புள்ளி வந்த நாளிலிருந்துதான் பழைய முத்திரைக்கு ஆளாளுக்கு அலைய ஆரம்பித்தார்கள். ஒரு பொருளுக்கு வருஷம் தெரிந்துவிட்டால் சேகரிக்கிறவனுக்கு வரிசையை முடிக்க வேண்டும் என்ற நோய் வந்துவிடும்.

இரண்டாவது விஷயம், பிடியின் நிறம். விலை போன கத்தியின் எலும்பு பழுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா? ஓரத்தில் ஆலிவ் சாயல் தெரிகிறதா பாருங்கள்.

பிட்ஸ்பர்க் செந்தில்
ஏலக் கம்பெனி போட்ட ஆறாவது படத்தில், ஜன்னல் ஓரம் வைத்து எடுத்தது போலிருக்கிறது, போல்ஸ்டர் பக்கத்தில் லேசாகப் பச்சை அடிக்கிறது. பாசியோ அழுக்கோ என்று நினைத்தேன்.

கடமான்
அழுக்கு இல்லை தம்பி, அதுதான் ஆயிரம் டாலர். அதைப் பச்சை எலும்பு என்பார்கள், ஆனால் கிளிப்பச்சையை எதிர்பார்க்கக் கூடாது, பழுப்புக்குள் ஒளிந்திருக்கும். மாட்டெலும்பைச் செதுக்கிச் சாயம் ஏற்றுவதுதான் எல்லாமே, இந்தப் பச்சைச் சாயம் 1950-களின் நடுவோடு நின்றுபோனது. 6254 டிராப்பர் மாடலோ அந்தச் சாயம் முடியப்போகிற காலத்தில்தான் வந்தது. இரண்டும் ஒன்றாக இருந்த காலம் சில வருஷம்தான். அதனால் பச்சை எலும்பு டிராப்பர் குறைவு. வேறு மாடலில் அதே எலும்பு இந்த அளவுக்குப் போகாது.

எண்ணைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் பிடி, 6 என்றால் எலும்பு, 5 என்றால் மான்கொம்பு. இரண்டாவது, எத்தனை அலகு. மீதி இரண்டும் மாடல். 5254 என்று பார்த்தால் கொம்புப் பிடி டிராப்பர், பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

லதா டெக்சாஸ்
கடமான் சார் முத்திரையையும் நிறத்தையும் சொல்லிவிட்டார், நான் நிலைமையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் வாங்குவதைவிட விற்பது அதிகம். அதே முத்திரை, அதே பச்சை எலும்பு, ஆனால் அலகு சாணை பிடித்துச் சாணை பிடித்துத் தேய்ந்திருந்தால் விலை கால்வாசிக்கு வந்துவிடும். ஒரு முறைகூடத் தீட்டாத கத்திக்குத்தான் இந்தச் சண்டை. யோசித்துப் பாருங்கள், 1950-களில் பண்ணைக்காரர் வாங்கிய கத்தி அது, முயல் தோல் உரிக்கவும் கயிறு அறுக்கவும் வாங்கியது, அதை யார் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள்? கடைக்காரர் விற்காமல் விட்டது, பரிசாக வந்து இழுப்பறையில் கிடந்தது, அப்படிச் சிலதுதான் தப்பியிருக்கும். கத்தி உழைத்திருந்தால் பிழைத்திருக்காது, அதுதான் சிக்கல்.

இன்னொன்று, பளபளவென்று இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பாலிஷ் சக்கரத்தில் போட்டால் எந்தக் கத்தியும் மின்னும். தொழிற்சாலையில் முடித்த அலகில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும், சக்கரத்தில் போட்டது கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகி முத்திரையின் ஓரம் மழுங்கியிருக்கும். அப்படிப்பட்ட கத்திக்கு நான் காசு கொடுப்பதில்லை. துருவோடு வந்தாலும் பரவாயில்லை, துடைக்காமல் கொண்டு வாருங்கள் என்றுதான் விற்க வருகிறவர்களிடம் கெஞ்சுகிறேன், கேட்பதில்லை, எல்லோரும் முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து தேய்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

மூர் மார்க்கெட் முரளி
சென்னையிலிருந்து ஒரு சந்தேகம். என் தாத்தாவிடம் இருந்த இங்கிலாந்து ஷெஃபீல்ட் நகரத்து ராட்ஜர்ஸ் கம்பெனிப் பேனாக்கத்தி என்னிடம் இருக்கிறது. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் போட்ட முத்திரை. அந்த முத்திரையே 1764-இலிருந்து அவர்களுடையது, 1822-இல் இங்கிலாந்து ராஜாவுக்கே கத்தி கொடுத்தவர்கள், அந்த வருஷ எண்ணுக்குச் சமமாக 1822 அலகு வைத்து ஒரே கத்தி செய்து காட்டிய கம்பெனி. கேஸ் கம்பெனியோ 1905-இல் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் கடை போட்டவர்கள். வரலாறு என்று பார்த்தால் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் என் கத்திக்கு முப்பது டாலருக்கு மேல் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். இது என்ன நியாயம்?

ஏலக்காரன்
நியாயம் கோர்ட்டில் கிடைக்கும் முரளி, ஏலத்தில் ஆள்தான் கிடைக்கும். 😀

உங்கள் கத்தியை எத்தனை லட்சம் செய்திருப்பார்கள்? இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா எல்லாம் கப்பல் கப்பலாகப் போனது. அப்புறம் அந்தப் பெயருக்கு இருந்த மவுசைப் பார்த்து ஆளாளுக்கு ராட்ஜர்ஸ் மாதிரி பெயர் போட்டு விற்றார்கள். உங்கள் தாத்தா அதில் தினமும் பென்சில் சீவியிருப்பார். எண்ணிக்கை அதிகம், போலி அதிகம், அலகு தேய்ந்தது, அப்புறம் எதற்கு இரண்டு பேர் சண்டை போடப் போகிறார்கள்? கேஸுக்கு அமெரிக்காவில் நாலு தலைமுறை அப்பாவும் தாத்தாவும் அதையே சட்டைப் பையில் வைத்திருந்தார்கள், இப்போது அந்தப் பேரன்களுக்குக் கையில் காசு இருக்கிறது. நம் ஆட்கள் ராட்ஜர்ஸுக்கு அப்படி ஏங்கினால் அதுவும் ஏறும்.

கடமான்
முரளி, அந்தக் கத்தியின் பிடி என்ன? யானைத் தந்தமா?

மூர் மார்க்கெட் முரளி
தந்தம் இல்லை சார், ஏதோ கறுப்புக் கொம்பு. எருமையாக இருக்கும்.

கடமான்
தப்பித்தீர்கள். தந்தம் என்றால் இந்தியாவில் விற்பதை நினைத்தே பார்க்கக் கூடாது. இபே 2009-லேயே தந்தத்தை நிறுத்திவிட்டது, பிரிட்டனிலும் 2022 ஜூனிலிருந்து சில விதிவிலக்குகள் தவிர மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கொம்பு என்றதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், என் பெயருக்கே காரணம் அதுதான். அமெரிக்கக் கத்தியோ ஷெஃபீல்ட் கத்தியோ, "ஸ்டாக்" என்று போட்ட நல்ல பிடிகளில் பெரும்பாலும் நம் ஊர்க் கடமான் கொம்புதான் இருக்கிறது. இங்கே அமெரிக்காவில் மான் இல்லையா என்றால் நிறைய இருக்கிறது, ஆனால் கடமான் கொம்பு உள்ளே சோறு (மென்மையான நடுப்பகுதி) குறைவாக, கெட்டியாக இருக்கும், மேல் பட்டையில் அந்த முரட்டு வரி வரும். வருஷா வருஷம் அது உதிர்க்கிற கொம்பைக் காட்டில் பொறுக்கி, மூட்டை மூட்டையாக ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் வேட்டையும் நடக்கிறது என்று 1990-களின் கடைசியில் இந்திய அரசு ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து கத்திக் கம்பெனிகள் கிடங்கில் இருந்த பழைய சரக்கை வைத்து ஓட்டின, இல்லையென்றால் வேறு மான் கொம்பு, இல்லையென்றால் எலும்பைச் செதுக்கிக் கொம்பு மாதிரி காட்டுவது. இந்த ஒரு உத்தரவு, ஏற்கெனவே உலகத்தில் இருந்த கொம்புப் பிடிக் கத்தி எல்லாவற்றின் விலையையும் தூக்கிவிட்டது. முதுமலையில் வளர்ந்த கொம்பு பிராட்ஃபோர்டு போய், அங்கிருந்து ஓஹியோவில் ஒருத்தர் மேசைக்கு வந்து, ஏலத்தில் ஆயிரக்கணக்கில் போகிறது என்றால் அதற்குள் இவ்வளவு இருக்கிறது.

டைட்டஸ்வில் தாஸ்
பழைய கத்தி என்றால் சரி, காரணம் இருக்கிறது. புதுக் கத்திக்கு என்ன சொல்வீர்கள்? கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி, பென்சில்வேனியா டைட்டஸ்வில், 2006-இல்தான் ஆரம்பித்தார்கள். ஒரு மாடலைச் சில ஆயிரம் அல்லது சில நூறு செய்வார்கள், டீலர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள், இணையத்தில் வைத்த சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும், அன்று மாலையே இபேயில் இரட்டிப்பு விலை. பிறகு அதே மாடலை இரண்டு வருஷம் கழித்து வேறு பிடியோடு மறுபடி செய்வார்கள். முத்திரையில் கடைசி இரண்டு இலக்கம் வருஷம், எதையும் மறைப்பதில்லை. அப்படியும் ஏறுகிறது. நானும் அலாரம் வைத்துக்கொண்டு உட்காருகிற ஆள்தான், ஆனால் எதற்கு இந்த ஓட்டம் என்று யாரும் கேட்டால் பதில் இல்லை.

ஏலக்காரன்
பதில் நீங்களே சொல்லிவிட்டீர்கள் தாஸ், "சில நூறு".

லதா டெக்சாஸ்
எனக்கு அது பிடிக்காத வியாபாரம். கத்தி நன்றாகத்தான் செய்கிறார்கள், திறந்து மூடும்போது வருகிற அந்த டக் சத்தம் இருக்கிறதே, பழைய கத்திகளில்கூட அப்படி வராது. ஆனால் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பெட்டியைப் பிரிப்பதே இல்லை. எல்லோரும் பிரிக்காமல் வைத்திருந்தால் முப்பது வருஷம் கழித்து எல்லாமே புதுசாக இருக்கும், அப்போது புதுசுக்கு என்ன மதிப்பு? 1950-களின் டிராப்பருக்கு விலை இருப்பது மற்றவர்கள் அதைத் தேய்த்துத் தீர்த்ததால்தான். 2020, 2021-இல் வீட்டில் அடைந்து கிடந்தபோது எல்லாச் சேகரிப்பும் ஏறியது, கத்தியும் ஏறியது. அப்போது உச்சத்தில் வாங்கியவர்கள் சிலர் இப்போது என்னிடம் விற்கக் கொண்டுவந்து காட்டுகிறார்கள், முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

டைட்டஸ்வில் தாஸ்
அக்கா, நான் பிரித்து வெங்காயம் வெட்டுகிற கட்சி. ஆனாலும் வலிக்கிறது நீங்கள் சொல்வது.

யாழ் ரூபன்
டொரான்டோவில் இருந்து எழுதுறன். நான் சேர்ப்பது கண்டிக் கத்தி, சிங்களத்தில் பிஹா கெத்த என்று சொல்லுவினம். கனமான ஒருபக்கக் கூர் அலகு, முதுகுப் பக்கம் வெள்ளியும் பித்தளையும் பதித்து, பிடி முனை சுருண்டு கொடி மாதிரி வந்திருக்கும். கண்டி அரசரின் பட்டறைகளில் செய்தது, பிரதானிகளுக்கு அரசர் கொடுத்தது. 1815-இல் கண்டி விழுந்து, கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்குக் கொண்டுபோன பிறகு, இந்தக் கத்திகளை வெள்ளைக்காரர் நினைவுப் பொருளாக அள்ளிக்கொண்டு போனவை. அதனால்தான் இப்ப லண்டன் ஏலங்களில் அடிக்கடி தலைகாட்டுது.

இவற்றில் விலையை ஏற்றுவது முத்திரை இல்லை, எங்க இருந்து யார் கைக்குப் போய் எப்படி வந்தது என்ற காகிதம். இப்ப அதிலும் ஒரு பயம் சேர்ந்திருக்கு. 1765-இல் டச்சுக்காரர் கண்டி அரண்மனையில் கொள்ளையடித்த ஆறு பொருட்களை 2023-இல் நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. அதில் ஒன்றான லெவ்கே பீரங்கியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், ஆனால் அந்த ஆறில் ஒரு கத்தியும் இருந்தது. அதற்குப் பிறகு காகிதம் சுத்தமாக உள்ள கத்திக்கு ஒரு விலை, "பழைய ஐரோப்பியச் சேகரிப்பு" என்று மட்டும் எழுதியிருக்கிற கத்திக்கு வேறு விலை என்று நான் கவனிக்கிறன்.

மூர் மார்க்கெட் முரளி
அப்படிப் பார்த்தால் திப்பு சுல்தான் வாளைச் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 15 முதல் 20 லட்சம் பவுண்டு போகும் என்று மதிப்புப் போட்டு, கடைசியில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேலே போனது. 2019-இல் நியூயார்க் கிறிஸ்டீஸில் ஷாஜகானின் குத்துவாள் 33 லட்சத்து 75 ஆயிரம் டாலர்.

ஏலக்காரன்
அதெல்லாம் ராஜா பெயருக்கான விலை, எஃகுக்கு இல்லை. நம் 6254-க்கு யார் பெயரும் இல்லை, அதனால்தான் இந்தக் கேள்வி சுவாரசியம்.

ஆனால் முரளி சொன்ன எண்களை வைத்து ஒன்று சொல்கிறேன். பெரிய ஏலக் கம்பெனி அறிவிக்கிற விலையில் வாங்குபவர் கட்டணமும் சேர்ந்திருக்கும். சின்ன ஏலங்களில் சுத்தியல் விலையை, அதாவது கடைசியாகக் கேட்ட விலையை, மட்டும் காட்டுவார்கள், பில் வரும்போது மேலே 20 சதவீதம் உட்காரும். செந்தில் பார்த்த ஆயிரம் எந்த ஆயிரம் என்று தெரியாமல் இன்னொரு ஏலத்தோடு ஒப்பிடக் கூடாது. இபேயில் விற்று முடிந்த பட்டியலைப் பார்த்து விலை சொல்கிறவர்களும் ஜாக்கிரதை. பேரம் பேசி முடிந்ததற்கு விற்பவர் கேட்ட விலையைக் குறுக்கே கோடு போட்டு அடித்துக் காட்டுவார்கள், உண்மையில் கைமாறியது அதற்குக் கீழே. ஜெயித்தவர் காசு கட்டாமல் ஓடிப்போனால் அதுவும் பட்டியலில் விற்றதாகவே நிற்கும்.

சொந்த ஆளை வைத்து விலை ஏற்றுவதும் நடக்கத்தான் செய்கிறது. ஒரு தளத்தில் நான் தோற்ற கத்தி மறுவாரமே அதே படங்களோடு மறுபடி ஏலத்துக்கு வந்தது, போன முறை ஜெயித்த அதே புனைபெயர் இந்த முறையும் முதல் ஆளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று நேரில் கூவும்போது குறைந்தது எதிரே இருப்பவன் முகமாவது தெரியும்.

பிட்ஸ்பர்க் செந்தில்
எல்லோருக்கும் நன்றி. இப்போது நான் கேட்க வந்தது வேறு ஒன்று. அடுத்த வாரம் ஒரு ஏலத்தில் ரெமிங்டன் ஆர் 1123 வருகிறது, பிடியில் தோட்டா வடிவச் சின்னம் பதித்தது. சொல்லியிருக்கிற மதிப்பு நான் பயந்த அளவுக்கு இல்லை. எதைப் பார்க்க வேண்டும்?

கடமான்
ரெமிங்டன் முதல் உலகப் போர் முடிந்து துப்பாக்கி வியாபாரம் படுத்த பிறகு 1920-இல் பிரிட்ஜ்போர்டில் கத்தி செய்ய இறங்கினார்கள், 1940-இல் விட்டுவிட்டார்கள். 1123 தான் முதல் தோட்டாக் கத்தி, 1922. ஆனால் 1982-இலிருந்து வருஷத்துக்கு ஒன்றாகப் பழைய தோட்டாக் கத்திகளை மறுபதிப்பு போட்டார்கள், அது மோசடி இல்லை, ஆனால் ஏலம் விடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், அல்லது தெரியாத மாதிரி இருக்கலாம்.

இதைத் தவிர அசல் போலியும் உண்டு. சாதாரண ரெமிங்டன் பிடியில் பள்ளம் தோண்டித் தோட்டாச் சின்னத்தைப் பதிப்பார்கள், வேறு கத்தியின் அலகை மாற்றிப் போடுவார்கள். ஆணித் தலைகளைச் சுற்றி எலும்பு விரிசலும் கறையும் எப்படி இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். எல்லா ஆணியும் ஒரே வயதாகத் தெரிய வேண்டும். உள்ளே பித்தளைத் தகட்டின் படம் கேளுங்கள், கத்தியைத் திறந்து மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், யாரும் அங்கே ஜோடிக்க மாட்டார்கள், அதனால் பொய் அங்கே தெரியும். புற ஊதா விளக்கில் பார்த்தால் சின்னத்தைச் சுற்றிப் பசை இருந்தால் மின்னும்.

லதா டெக்சாஸ்
அதே பெட்டியில் பழைய செல்லுலாயிட் பிடிக் கத்தி ஏதாவது இருந்தால் அதையும் கேளுங்கள். செல்லுலாயிட் சிதையும்போது அமில ஆவி விடும், பக்கத்துக் கத்தியெல்லாம் துருப்பிடிக்கும். மற்றபடி மிக நல்ல கத்தியில் ஒரு பக்கம் மட்டும் காரணமே தெரியாமல் துரு என்றால் பெரும்பாலும் அதுதான்.

மூர் மார்க்கெட் முரளி
எனக்கும் ஒன்று வரவழைக்கலாமா என்று ஆசை வருகிறது. மடக்குக் கத்திக்கு இங்கே பிரச்சினை இல்லையே?

கடமான்
ஒன்பது அங்குல நீளம் அல்லது இரண்டு அங்குல அகலத்தைத் தாண்டினால்தான் ஆயுதச் சட்டத்து லைசென்ஸ் பேச்சு வரும், அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்திக்கு விலக்கு உண்டு. ஆனால் சுங்க அதிகாரி மேசையில் அளவுகோல் வைத்து விவாதம் செய்ய முடியாது. பட்டன் அழுத்தினால் திறக்கிற வகை வேண்டாம், கடமான் கொம்புப் பிடி கண்டிப்பாக வேண்டாம். எலும்புப் பிடி என்றால் பில்லில் மாட்டெலும்பு என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

ஏலக்காரன்
செந்தில், நல்ல கேள்விதான் கேட்டீர்கள், ஆனால் எந்த ஏலம், எந்தத் தேதி என்று தயவுசெய்து இங்கே போட்டுவிடாதீர்கள். இந்த இழையைப் படிக்கிறவர்களில் ரெண்டாவது ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

பிட்ஸ்பர்க் செந்தில்
ஐயோ, நேற்றே ரூபன் அண்ணாவுக்குத் தனிமடலில் இணைப்பு அனுப்பிவிட்டேனே.

யாழ் ரூபன்
தம்பி, நான் கண்டிக் கத்தி மட்டும்தான். 🙂 ஆனால் அந்தத் தோட்டாச் சின்னம் வடிவாத்தான் இருக்கு.